முதுகுசொறி

"உங்களுக்கு இன்னைக்கு எதுவும் கிடையாது அக்கா. கிளம்புங்க."

பீலான் தட்டின தட்டில் தோசைக்கரண்டி கல்லின் மேல் ணங்கென்றது.

யுன்-ஷு ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போகிற வழியில் தினமும் இந்தக் கடையில்தான் காலைச் சாப்பாடு.

"ஏன் பீலான், மாவு தீந்துடுச்சா?"

"மாவு இருக்கு. உங்களுக்குத்தான் இல்லை. என் வீட்டுக்காரருக்கு மறுபடியும் அபராதச் சீட்டு வந்திருக்கு. யாரோ வீடியோ எடுத்துப் போலீஸுக்கு அனுப்பியிருக்காங்க."

"அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

"இந்தச் சந்துல ஹெல்மெட்ல கேமராவை மாட்டிக்கிட்டுச் சுத்துறது யாரு? நானா?"

சோயாப்பால் உறிஞ்சிக்கொண்டிருந்த டாக்சிக்காரர், யாரையும் பார்க்காமல், "முதுகுசொறி!" என்றார். கடையே சிரித்தது. போலீஸில் போட்டுக்கொடுப்பவர்களுக்குத் தைநான் ஊரில் அதுதான் பட்டம்.

விஷயம் பெரிதில்லை. இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம்தான் ஓடும்; அதனால் சந்து முனைச் சந்திப்பில் ஸ்கூட்டர்கள் எதிரே வரும் வண்டிகளுக்குக் குறுக்கே சட்டென்று இடப்பக்கம் திரும்பக் கூடாது. நேராகப் போய், எதிரே தரையில் வரைந்திருக்கும் வெள்ளைப் பெட்டிக்குள் நின்று, அந்தப் பக்கத்துப் பச்சை விழுந்ததும் போக வேண்டும். பீலானின் கணவன் ஆ-தெங்குக்கு அவ்வளவு பொறுமை இல்லை. எதிரே லாரி வந்தாலும் சரி, குறுக்கே வெட்டிப் பறப்பான். அதுவும் காலிடுக்கில் நாலு வயதுப் பெண்ணை நிற்க வைத்துக்கொண்டு.

அப்படிப் பறந்த எவனோ ஒருத்தன்தான் முன்பு ஒருநாள் யுன்-ஷுவை இடித்துத் தள்ளிவிட்டுப் போனான். பார்த்தவர்கள் நிறையப் பேர். வாய் திறந்தவர் ஒருவருமில்லை. அதற்கப்புறம்தான் அவள் சொந்தமாக ஒரு சாட்சியை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டாள்.

"சத்தியமா நான் அனுப்பல பீலான்."

"வழியை விடுங்க அக்கா, பின்னால ஆள் நிக்கிறாங்க."

சாப்பாட்டுக்கா பஞ்சம்? முக்குக் கடையில் சோற்று உருண்டை கிடைக்கிறது. ஆனால் சலவைக்கூடத்தில் இயந்திர இரைச்சலில் ஒரு பேச்சும் காதில் விழாது. வீட்டில் பேசவே ஆள் கிடையாது. ஒரு நாளில் அவளை யாராவது ஏதாவது கேட்டார்கள் என்றால், அது பீலானின் "காரம் போடட்டுமா அக்கா?" மட்டும்தான். அதுவும் போனதுதான் அவளுக்கு வலித்தது.

மறுநாள் அவளுடைய ஸ்கூட்டர் கண்ணாடியில் யாரோ முதுகு சொறிகிற மூங்கில் குச்சி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். அவள் அதைத் தூக்கி எறியவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கை எட்டாத இடத்தில் சொறிந்துகொண்டாள். தனியாக இருக்கிறவளுக்கு உபயோகமான சாமான்தானே.

இப்படியே நாள் ஓடியது. ஒரு காலையில் அவள் வெள்ளைப் பெட்டிக்குள் பச்சைக்காகக் காத்திருந்தாள். ஆ-தெங் வழக்கம்போல் வெட்டித் திரும்பினான். லாரி ஒன்று கிறீச்சிட்டு நின்றது. குழந்தை கண்ணை இறுக மூடிக்கொண்டது. அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான்.

யுன்-ஷு பதறிப்போய்ச் சந்துப் பக்கம் பார்த்தாள். காஸ் சிலிண்டர்களுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, ஒருத்தி செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தாள்.

பீலான்.

யுன்-ஷு வண்டியை ஓரங்கட்டிவிட்டு நேரே அவளிடம் போனாள். "நீயா?"

பீலான் போனை ஏப்ரனுக்குள் திணித்தாள்.

"கத்தாதீங்க அக்கா. சொல்லிப் பாத்தேன், அழுது பாத்தேன், சிரிக்கிறான். சீட்டு வந்தாத்தான் கொஞ்ச நாளைக்குப் பெட்டிக்குள்ள நிக்கிறான். அந்தக் கொஞ்ச நாள்தான் நான் நிம்மதியா மூச்சு விடுறேன்."

"அதுக்கு என் தலையை ஏன் உருட்டினே?"

"அவனுக்கு யார் மேலயாவது சந்தேகம் வரணுமே. என் மேல வந்தா என் குடும்பமே போயிடும். உங்களுக்கு..."

"எனக்கு?"

பீலான் தலையைக் குனிந்துகொண்டாள். "போறதுக்கு உங்களுக்குக் குடும்பம் இல்லையே அக்கா."

பளாரென்று அறைந்தது போலிருந்தது யுன்-ஷுவுக்கு. பொய் என்றால் திருப்பிக் கத்தியிருக்கலாம். வண்டியை எடுத்தாள். ஆனால் மனதுக்குள் முடிவு செய்துவிட்டாள். அடுத்த சீட்டு வரட்டும், கடை நிறைய ஆள் இருக்கும்போது போட்டு உடைத்துவிட வேண்டியதுதான். சிரித்த வாயெல்லாம் அவளிடம் மன்னிப்புக் கேட்கட்டும்.

அடுத்த சீட்டும் வந்தது.

கடை வாசலில் ஆ-தெங் ஸ்கூட்டரைக் குறுக்கே போட்டு அவளை மறித்தான். குழந்தை கீழே இறங்காமல் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"இந்த வாட்டியும் நீதானே? இல்லைன்னா யாருன்னு சொல்லு. எவளா இருந்தாலும் சரி, இன்னைக்கே அவளைத் தெருவுல நிறுத்துறேன்!"

கல்லில் ரொட்டி கருகும் வாடை வந்தது. பீலான் அதைத் திருப்பிப் போடவில்லை. யுன்-ஷுவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யுன்-ஷுவுக்கு வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. குழந்தை அம்மாவைப் பார்த்து, "பால் தா" என்று கை நீட்டியது.

"நான்தாம்ப்பா எடுத்தேன்" என்றாள் யுன்-ஷு. "பாப்பாவோட அந்தப் பெட்டிக்குள்ள நீ நிக்கிற வரைக்கும் தினமும் எடுப்பேன்."