வண்டு உட்காரும் பெஞ்ச்

“என் பொண்ணு அந்தக் கடைசி ரூமுக்குப் போக மாட்டா மேடம். இதே வகுப்புலதான் உட்காருவா!”

தலைமையாசிரியை மேஜைமேல் ஒரு காகிதத்தைக் கவிழ்த்துவைத்து, அதைக் கையால் அழுத்திக்கொண்டிருந்தார்.

மூன்றாம் வகுப்பில் படிக்கும் அந்தப் பெண்ணுக்கு வீட்டில் ‘வண்டு’ என்று பெயர். எழுதும்போது ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டே இருப்பாள். முனகல் நின்றால் கையும் நின்றுவிடும். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவாள். ஆட்டிசம் என்று டாக்டர் சொல்லி மூன்று வருடமாகிறது. தங்கள் பிள்ளைகளின் படிப்பு கெடுகிறதென்று, அவளைத் தனி அறைக்கு மாற்றச் சொல்லி மற்ற பெற்றோர்கள் மனு எழுதிவிட்டார்கள். அந்த அறையில் நாள் முழுக்கப் படத்துக்கு வண்ணம் தீட்டுவதுதான் படிப்பு.

“போன மாசம்தான் பக்கத்துல உக்கார்ற பொண்ணுகிட்ட ‘ரப்பர் தா’ன்னு கேட்டிருக்கா. எட்டு வயசுல வெளியாள்கிட்ட அவ பேசின முதல் வார்த்தை மேடம்! அந்த ரூம்ல யார்கிட்ட கேப்பா? சுவர்கிட்டயா?” என்று கேட்டாள் அம்மா.

கணவரோ, வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போலப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

“நீங்களாவது சொல்லுங்களேன்! மேடம், தினமும் கொண்டுவந்து விடறது, கூட்டிட்டுப் போறது எல்லாம் இவர்தான். வாசல்ல எல்லாரும் இவர்கிட்ட நல்லாத்தான் பேசறாங்களாம். சிரிச்சுப் பேசிக்கிட்டே முதுகுல குத்திட்டாங்களே!”

“விடும்மா. எல்லாரையும் பகைச்சுக்கிட்டு அவ எப்படி இங்க படிப்பா? வா, போலாம்” என்றார் கணவர்.

“நான் வரல. மேடம், நீங்களும் அவங்க பக்கம்தானா?”

தலைமையாசிரியை நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது.

“நான் உங்க பக்கம்தாம்மா. இந்த மனுவை ரெண்டு தடவை திருப்பி அனுப்பினேன். வகுப்புல ஒரு வீடு பாக்கியில்லாம எல்லாரும் கையெழுத்துப் போட்டாத்தான் வாங்குவேன்னு கறாரா சொல்லிட்டேன். எல்லாரும்னா, உங்க வீட்டையும் சேத்துத்தான். அது இந்த ஜென்மத்துல நடக்காதுன்னு நம்பித்தாம்மா அப்படிச் சொன்னேன்.”

“அப்புறம் எதுக்கு வாங்கினீங்க?”

தலைமையாசிரியை காகிதத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார்.

வரிசையாக இருபத்தேழு கையெழுத்துகள். அவற்றைத் தாண்டிக் கீழே இறங்கிய அவள் விரல் அப்படியே நின்றது.

இருபத்தெட்டாவது கையெழுத்து, பக்கத்து நாற்காலியில் இருந்தவருடையது.