ரெண்டு டிரைவும் இருக்கட்டும்

“உள்ள இருக்கிற எல்லாத்தையும் புதுசா மாத்திருங்க. இந்த ரெண்டு சிடி டிரைவ் மட்டும் அப்படியே இருக்கட்டும்” என்றாள் ஹுஸ்னா.

பெரம்பலூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் முத்தமிழ்செல்வனுக்குப் புரியவில்லை. லப்பைக்குடிக்காட்டிலிருந்து புருஷனோடு பஸ் ஏறி வந்து இவ்வளவு செலவு செய்கிறவள், இந்த ஓட்டை டிரைவைக் கட்டிக்கொண்டு அழுவானேன்?

“சிடி போட்டா ரைஸ்மில்லு மாதிரி கத்துதுங்களே. புதுசுல சத்தமே வராது.”

“சத்தமே வராதா?” துபாயிலிருந்து லீவில் வந்திருந்த அப்துல் நாசர் ஆவலோடு கேட்டான்.

“நீங்க சும்மா இருங்க மச்சான்” என்று புருஷனை அடக்கினாள் ஹுஸ்னா. “எனக்கு அந்தச் சத்தம்தாங்க வேணும். பாடம் படிக்க சிடி வேணாம், கேம் ஆடத்தான் சிடி போடணும். கதவைச் சாத்திக்கிட்டு உள்ள என்ன நடக்குதுன்னு அடுப்படியில இருந்தே கண்டுபிடிச்சிருவேன். பரீட்சையில பாஸ் பண்ணாத்தானே வெயில்ல நிக்காம ஆபீஸ்ல உக்கார முடியும்?”

முத்தமிழ்செல்வன் சிரித்துவிட்டான். அவன் வீட்டிலும் இதே கூத்துதான்.

“எல்லா வூட்டுலயும் பசங்க அப்படித்தாங்க. உங்க பையன் என்ன படிக்கிறான்?”

“பையனா? எங்களுக்கு ரெண்டும் பொண்ணுங்க. அதுங்க தங்கமாப் படிக்குதுங்க.”

ஹுஸ்னா புருஷன் பக்கம் திரும்பினாள்.

“கேக்குறாருல்ல? என்ன படிக்கிறீங்கன்னு சொல்லுங்க மச்சான்.”

அப்துல் நாசர் நரை விழுந்த தாடியைத் தடவிக்கொண்டே மெல்லச் சொன்னான்:

“கம்ப்யூட்டர்ல கணக்கு எழுதுற கோர்ஸு... டேலிங்க.”