வியாழக்கிழமைச் சிரிப்பு

சரியாகப் பதினொரு மணிக்கு அவர் வந்துவிட்டார். ஏழாவது மாடி ஜன்னலுக்கு வெளியே, கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார்ந்து, கண்ணாடி முழுக்க நுரை பூசித் துடைத்தார். பிறகு உள்ளே மேசை முன் உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்துச் சிரித்தார்.

லேசுப்பட்ட சிரிப்பா அது! முதலில் புருவத்தைத் தூக்குவார், கன்னத்தை உப்ப வைப்பார், அப்புறம்தான் வாய் விரியும். அதுவும் வலப்பக்கம் முதலில் வந்து, இடப்பக்கத்துக்குச் சாவகாசமாகப் போய்ச் சேரும்.

அவளும் பதிலுக்குச் சிரித்தாள். கணவன் இறந்துபோன இந்தப் பத்து மாதமாக அவளுக்கு எதுவுமே உறைப்பதில்லை; ருசி தெரிவதில்லை, அழுகைகூட வருவதில்லை. அலுவலகம் இந்தப் புதுக் கட்டிடத்துக்கு மாறி நாலு மாதமாகியும், குனிந்த தலையோடு வருவாள், குனிந்த தலையோடு போவாள். வியாழக்கிழமைகளில் மட்டும், அவர் வாளித் தண்ணீரில் பட்ட வெயில் அறையின் மேற்கூரையில் நெளிவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

போன் அடித்தது. அக்கா.

"ராஜினாமாவைக் கொடுத்தியா, இல்லையா? நடைப்பிணம் மாதிரி அங்க போய் உட்கார்ந்து என்ன பண்ணப்போற? பேசாம எங்க வீட்டுக்கு வந்துடு."

"எழுதி பையிலதான் வெச்சிருக்கேன்க்கா. சாயங்காலம் கொடுத்துடறேன். ஒரே ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்லிட்டு வரணும்."

மதியம் கீழே இறங்கினாள். வாசலுக்கு வெளியே அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நான் ஏழாவது மாடி. நாலு மாசமா வாரம் தவறாம எனக்காகச் சிரிச்சீங்க. ஒரு நன்றி சொல்லாம போக மனசு வரல."

அவர் திருதிருவென்று விழித்தார். பிறகு கட்டிடத்தைக் கை காட்டினார்.

அவள் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். ஏழு மாடிக்கும் வானம், மேகம், எதிர்வீட்டு மொட்டைமாடித் துணிகள். அடியில், கைப்பையோடு நிற்கும் அவளே. உள்ளே இருப்பவர்கள் ஒருவர்கூடத் தெரியவில்லை.

"உங்களுக்கு அது ஜன்னல் கண்ணாடி மேடம். எனக்கு முகம் பார்க்குற கண்ணாடி" என்றார் அவர் சங்கடத்தோடு. "எனக்கு வாய் ஒரு பக்கம் கோணிக்கிச்சு. கண்ணாடியைப் பார்த்துச் சிரிச்சுப் பழகச் சொன்னார் டாக்டர்."

அவளுக்கு முகம் சுட்டது. அவமானம்தான். ஆனால் பத்து மாதத்தில் முதன்முதலாக ஏதோ ஒன்று உறைத்தது.

அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சரியாகுதான்னு பார்த்துச் சொல்ல வீட்டுல ஆள் கிடையாது. இப்ப நேரா இருக்கா மேடம்?"

சிரித்துக் காட்டினார். அவள் கிட்டே வந்து, கவனமாகப் பார்த்தாள். கைப்பையின் வாயில் துருத்திக்கொண்டிருந்த கடிதத்தை உள்ளே தள்ளி மூடினாள்.

"இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் வரணும்ணே. அடுத்த வியாழக்கிழமை பார்த்துச் சொல்றேன்."