மூன்று லிட்டர் டீசல்

"டீசல் விக்கிற விலைக்கு, தினமும் மூணு லிட்டர் எங்கே போகுதுன்னு கேட்டா மனுஷன் வாயைத் திறக்க மாட்டேங்கிறாரே!"

கணக்கர் பொரிந்து தள்ளினார். எதிரே கம்பெனி பஸ் டிரைவர் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். சைக்கிள்காரனே முந்திப் போகிற வேகத்தில் ஓட்டுவதால் அவருக்கு 'ஜெட் அண்ணன்' என்று பெயர்.

விசாரிக்க வேண்டியவள் மேனேஜரம்மா. மருந்து பேக்கிங் கம்பெனியில் ஆர்டர் பாதியாகக் குறைந்துபோய், யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று மேலிடம் பார்த்துக்கொண்டிருந்த நேரம். முதலாளி வீட்டு நாலு கார்கள் குடிக்கிற டீசலை யாரும் கேட்கவில்லை. பஸ் குடிப்பதுதான் கண்ணை உறுத்தியது.

"வித்தீங்களா அண்ணே?"

"இல்லம்மா."

"அப்புறம் எங்கதான் போகுது?"

அவர் ஓரக்கண்ணால் கணக்கரைப் பார்த்தார்.

பஸ் ஓடிய தூரத்தை மீட்டரில் பார்க்கலாம் என்றால், அது ஓடாமல் பல வருஷமாகிறது. சரிசெய்யச் சொல்லி டிரைவர் கொடுத்த கடிதங்கள் கணக்கரின் அலமாரியில் தூங்கின. பஸ்ஸில் வருகிற பெண்களோ, ஒருத்தி விடாமல் "எங்களுக்குத் தெரியாது மேடம்" என்று நழுவினார்கள்.

அறிக்கையில் 'தவறுக்குப் பொறுப்பானவர்' என்ற இடத்தில் டிரைவரின் பெயரை எழுதினாள். கையெழுத்துப் போட மட்டும் கை வரவில்லை.

கண்ணால் பார்த்துவிடுவோம் என்று, அன்று சாயங்காலம் காரை விட்டுவிட்டு, அறிக்கையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.

கடைசிக்கு முந்தின சீட், ஜன்னலோரம். கிளார்க்காகச் சேர்ந்த காலத்தில் அதுதான் அவள் இடம். கிழிந்த ரெக்சின்கூட அப்படியே இருந்தது. அந்த நாளில் இந்த பஸ்ஸே ஒரு வீடு. ஒருத்தி பாடுவாள், ஒருத்தி மாமியாரைத் திட்டுவாள், தூங்கி விழுகிறவளுக்கு யாராவது தோள் கொடுப்பார்கள். ஏசி காரில் எட்டு வருஷமாகத் தனியாகப் போய்வருகிறவள், அந்த ரெக்சினை மெல்லத் தடவிப் பார்த்தாள்.

மெயின் ரோட்டில் நேராகப் போக வேண்டிய பஸ், தபால் நிலையத்தை ஒட்டி இடப்பக்கம் திரும்பியது.

'மாட்டினார்!' என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

புதுக் கட்டடங்கள் முளைத்து அடையாளமே மாறிப்போன குறுகலான தெருக்களில் வெகுதூரம் ஊர்ந்துபோய், ஒரு பச்சை கேட் முன்னால் பஸ் நின்றது. பேக்கிங் பெண் ஒருத்தி, நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். அவள் வீட்டுக்குள் போகும்வரை அண்ணன் வண்டியை எடுக்கவில்லை.

அந்தப் பச்சை கேட்டைப் பார்த்ததும் மேனேஜரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிளார்க்காக இருந்தபோது அவளே வாடகைக்குக் குடியிருந்த வீடு. எழுந்து முன்னால் போனாள்.

"அண்ணே... இந்த ஸ்டாப்..."

"நீங்க கேட்டதுதாம்மா. ஏழாம் மாசத்துல, மெயின் ரோட்டுலேருந்து நடக்க முடியலண்ணேன்னு சொன்னீங்களே."

அன்று வயிற்றில் இருந்தவன் இப்போது மூணாங்கிளாஸ்.

"நான்தான் கார் வாங்கிட்டுப் போயிட்டேனே!"

"நீங்க போனீங்க. வருஷத்துக்கு ஒருத்தியாவது வயித்தைத் தூக்கிட்டு இந்தப் பக்கம் வந்துகிட்டேதானே இருக்கா? அவங்களை மட்டும் நடந்து போன்னு எப்படிச் சொல்றது?"

"இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமேண்ணே!"

அவர் கியரை மாற்றிக்கொண்டே சொன்னார்.

"கணக்கர் பக்கத்துல இருந்தாரேம்மா. முதல்ல யாரு திருப்பச் சொன்னதுன்னு கேட்டிருப்பாரு. ஆள் குறைக்கிற நேரம்... உங்க வேலைக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதில்ல?"

மறுநாள் காலை மேலிடத்துக்குப் போன அறிக்கையில், 'தவறுக்குப் பொறுப்பானவர்' என்ற இடத்தில் டிரைவரின் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்திலேயே, பஸ் குலுங்கியதில் கோணிப்போன எழுத்தில், மேனேஜரம்மாவின் பெயர்.