கனடா பஸ்ஸில் வின்னி

வின்னி திபோடோ இந்த மாதமும் பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஓட்டுநருக்குப் பின்னால் முதல் சீட்டு. மடியில் வாந்திப் பை.

எல்வாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், கனடா எல்லையோரத்துச் சின்ன ஊர் அது. வயதானவர்கள் மாதம் ஒருமுறை சர்ச் வாசலில் பஸ் ஏறிக் கனடாவுக்குப் போவார்கள். அங்கே மாத்திரை பாதி விலை. வின்னிக்கு அந்தத் தலையெழுத்து இல்லை. இறந்துபோன புருஷனின் ரயில்வே கம்பெனி அவளுக்கு ஆயுசுக்கும் மருந்துச் செலவு கொடுக்கிறது. கூட வருவாள், ஒரு ஜாம் பாட்டில் வாங்குவாள், திரும்பி வருவாள். அவ்வளவுதான்.

“மகாராணிக்கு இது உல்லாசப் பயணம்” என்றாள் எல்வா, பக்கத்து சீட்டு ஆர்விலிடம்.

“வழி பூரா வாந்தி எடுத்துக்கிட்டு என்ன உல்லாசம்?”

“அதான் எனக்கும் புரியலை.”

புரியாதது இன்னொன்றும் அவள் கைப்பையில் இருந்தது. அரசாங்க மருந்து இன்சூரன்ஸிலிருந்து வந்த கடிதம். நாலு தடவை படித்தாயிற்று.

“ஜூன் வரைக்கும் கொடுத்தாங்க. இப்ப முழுசா நீயே கட்டுங்கறாங்க. ஆனா மாசச் சந்தா மட்டும் நிக்கலை. என்னப்பா இது?”

“நடுவுல ஒரு ஓட்டை வரும் எல்வா. கொஞ்ச தூரம் அவங்க கொடுப்பாங்க. அப்புறம் கொடுக்க மாட்டாங்க. நீ கைக்காசை நிறைய செலவழிச்சா மறுபடி கொடுப்பாங்க.”

“அப்ப நான் சீக்கிரமா இன்னும் ரெண்டு வியாதி வரவழைச்சுக்கணுமா?”

பஸ்ஸே சிரித்தது. ஆர்வில் சிரிக்கவில்லை. நாற்பது வருஷம் மரம் வெட்டிய மனிதர்.

“எங்கயாவது ஒரு கோடு போட்டுத்தானே ஆகணும்? எல்லாத்தையும் கொடுத்தா நம்ம பேரப்பிள்ளைங்க தலையிலதான் வரி விழும்.”

“கோட்டை ஆரம்பத்துல போடட்டும், இல்ல கடைசில போடட்டும்” என்றாள் பின்சீட்டு பெர்னிஸ், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். “நடுவுல யாராவது பள்ளம் தோண்டுவாங்களா? எனக்கே இந்தக் கணக்கு புரியலை.”

“கோடு யார் வேணாலும் போடுங்க” என்றாள் எல்வா. “எனக்கு இதயத்துல குழாய் வெச்சிருக்கு. ஒரு நாள் மாத்திரை விட்டாலும் அடைச்சுக்கும்னு டாக்டர் சொல்லியிருக்கார். நான் பாதியா உடைச்சு முழுங்கறேன்.”

முன்சீட்டிலிருந்து வின்னி மெல்லத் திரும்பினாள். முகம் வெளிறியிருந்தது.

“பாதி போதுமா எல்வா? டாக்டர்கிட்ட கேட்டியா?”

அவ்வளவுதான், எல்வாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“உனக்கெதுக்கு அந்தக் கவலை? உனக்குத்தான் எல்லாம் வீடு தேடி வருதே. நாங்க விழறதை வேடிக்கை பார்க்க வர்றியா? பொழுது போகலைன்னா வேற எங்கயாவது போ, வின்னி.”

வின்னி முன்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவளுக்காக யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆர்வில்கூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த மாதம் சர்ச் வாசலில் வின்னி இல்லை. எல்வாவுக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் உறுத்தல்.

ஏழரைக்கு வர வேண்டிய பஸ்ஸும் வரவில்லை. எட்டரை ஆயிற்று. குளிரில் கால் மரத்துப்போனது. எல்வாவின் மாத்திரைப் பெட்டியில் இரண்டே இரண்டுதான் இருந்தன.

ஒருவழியாக, பயண ஏற்பாடுகளைக் கவனிக்கும் குளோவிஸ் தன் காரில் வந்து இறங்கினார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“வீட்டுக்குப் போங்க. இன்னிக்கு வண்டி கிடையாது.”

“ரிப்பேரா?” என்றாள் எல்வா.

“வண்டி நல்லாத்தான் இருக்கு.”

“பின்ன என்ன குளோவிஸ்? என்கிட்ட ரெண்டு மாத்திரைதான் இருக்கு. எல்லாரும் வந்தாச்சு. யாருக்காகக் காத்திருக்கணும்?”

குளோவிஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“பஸ் கம்பெனிக்காரன் தலையை எண்ணித்தான் வண்டியை எடுப்பான், எல்வா. இருபதுக்கு ஒண்ணு குறைஞ்சாலும் வர மாட்டான். சொல்லக் கூடாதுன்னு வின்னி என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தா. இனி மறைச்சு என்ன ஆகப்போகுது? ஜூலையிலேருந்து மாத்திரை வாங்கப் போறவங்க நீங்க பத்தொன்பது பேர்தான்.”