கடைசி உயிர்

"ஒரு உயிர் போய்டுச்சு. இன்னும் ரெண்டுதான்," என்றாள் நர்ஸ் கெசியா, கொஞ்சமும் கலங்காமல்.

அபினேஷுக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது. டி.வி. திரையில் அவனுடைய குட்டி வீரன் நெருப்புப் பள்ளத்தில் விழுந்து கருகிப்போயிருந்தான்.

பெண் பார்க்க வந்த இடத்தில் இப்படி ஒரு வம்பு காத்திருக்கும் என்று அவன் கண்டானா? ஜோலார்பேட்டை ரயில்வே குவார்ட்டர்ஸின் ஹாலில் பெரியவர்கள் ஜெபம் முடித்து, சமோசாவும் டீயுமாக உட்கார்ந்துவிட்டார்கள். 'ரெண்டு பேரும் உள்ள போய்ப் பேசுங்க' என்று இந்த அறைக்கு அனுப்பினால், இவள் பேசவா செய்தாள்? இருபது வருஷத்துப் பழைய வீடியோ கேம் செட்டை எடுத்து, கேசட்டை ஊதிப் போட்டு, ஒரு ஜாய்ஸ்டிக்கை அவன் கையில் திணித்தாள்.

"சின்ன வயசுல ஆடியிருப்பீங்கல்ல? மூணு உயிருக்குள்ள கோட்டைக்குப் போய்ட்டா எனக்குச் சம்மதம். இல்லன்னா சமோசாவைச் சாப்ட்டு ஆம்பூருக்கு வண்டி ஏறுங்க. அப்புறம் நான் ஆடிக்கிறேன்." இன்னொரு ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்துக்கொண்டு அதன்மேல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

ஆறு மாதமாக ஒரே பாசஞ்சரில் அவளைப் பார்த்துப் பார்த்து, ஒரு வார்த்தை பேசத் துணிச்சல் இல்லாமல், அம்மாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி ஏற்பாடு செய்த சம்பந்தம் இது. போயும் போயும் ஒரு பொம்மையால் கைநழுவிப் போவதா?

இரண்டாவது உயிர் ஏணி ஏறியது, உருண்டுவந்த பாறையைத் தாண்டியது. ஆடும் பலகையில் கால் வைக்கப்போய், மறுபடியும் நெருப்பில் தொப்பென்று விழுந்தது.

"செட்டு ரொம்பப் பழசு. பட்டன் சரியா வேலை செய்யலியோ இன்னாவோ," என்று கெசியா எடுத்துக்கொடுத்தாள்.

அபினேஷ் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் குவாலிட்டி செக்கர். தையல் கோணிப்போனால் தைத்தவன் சொல்லும் முதல் வார்த்தை 'மிஷின் சரியில்ல சார்' என்பதுதான். எட்டு வருஷமாக அதைக் கேட்டுக் கேட்டு அவனுக்குக் காது புளித்துவிட்டது.

"மிஷினைச் சொல்லாதீங்க. நான்தான் லேட்டா அமுக்கிட்டேன். என் தப்பு," என்றான்.

கெசியா அவனை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். "இன்னும் ஒண்ணு இருக்கு. ஆடுங்க."

அப்பப்பா, அது ஆட்டம்! பாறை, பலகை, பள்ளம் என்று எதுவும் வீரனைத் தடுக்கவில்லை. அபினேஷ் கட்டைவிரல் பிய்ந்துவிடும்போல அமுக்கினான். வீரனோடு சேர்ந்து தானும் நாற்காலியில் எம்பி எம்பிக் குதித்தான். கோட்டைக் கதவு திறந்ததும், "ஜெயிச்சிட்டேன்!" என்று அவன் போட்ட கூச்சலில் ஹாலில் யாரோ டீயைக் கொட்டிவிட்டார்கள்.

கெசியா சொன்ன சொல் தவறவில்லை. அரை மணி நேரத்தில் நிச்சயத்துக்குத் தேதியும் குறித்தாகிவிட்டது.

புறப்படும்போது வாசலில் அபினேஷுக்குப் பெருமை தாங்கவில்லை. "கடைசி உயிர்ல எப்டி அடிச்சேன், பாத்தீங்களா? கை இன்னும் மறக்கல!"

"அதுக்காகச் சம்மதம் சொல்லலீங்க. உங்களுக்கு முன்னாடி மூணு பேர் வந்தாங்க. பொம்மை விழுந்ததும் மூணு பேரும் செட்டைத்தான் திட்டுனாங்க. நீங்க ஒருத்தர்தான் 'என் தப்பு'ன்னீங்க."

"என் தப்புதானே?"

கெசியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"உங்க ஜாய்ஸ்டிக் வயரை நான் செட்டுல சொருகவே இல்லீங்க!"