மஞ்சள் வளையம்

“கலர் மாத்தணுமா மேடம், மாத்திக்கோங்க. ஓரத்தை வளைக்கணுமா, வளைச்சுக்கோங்க. அந்த மஞ்சள் வளையத்துல மட்டும் கை வைக்க முடியாது.”

இப்படிச் சொன்ன புரோகிராமருக்கு ஆபீஸில் பட்டப்பெயரே பூட்டு. வெப்சைட் பக்கங்களுக்கு அவர் செய்யும் பட்டன் ஒவ்வொன்றும் மூடின பெட்டி. நிறம், வடிவம் என்று வெளியிலிருந்து யார் எதை மாற்றி எழுதினாலும் உள்ளே போகாது. அவராகப் பார்த்துத் திறந்துவிட்ட ஜன்னல் வழியாகத்தான் போகும்.

டிசைனருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மருத்துவமனைக்கு டோக்கன் போடும் பக்கத்தை மூன்று வாரமாக இழைத்து இழைத்து வரைந்திருந்தாள். திங்கட்கிழமை சாயங்காலம் வாடிக்கையாளர் பார்க்கப்போகிறார். கீபோர்டில் டேப் விசையைத் தட்டினால் போதும், பட்டனைச் சுற்றிக் கொழுத்த மஞ்சள் வளையம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

“பார்க்கச் சகிக்கலை சார். இந்தக் காலத்துல யாரு டேப் தட்டிக்கிட்டு இருக்காங்க? எல்லார்கிட்டயும்தான் மவுஸ் இருக்கே!”

“இருக்கு மேடம்.”

“அப்போ எடுத்துடுங்க.”

“முடியாது மேடம்.”

மனுஷனா, கருங்கல்லா? நேராக மேனேஜரிடம் போனாள்.

“திங்கட்கிழமை வந்ததும் எடுக்கச் சொல்லிடறேன்மா” என்றார் அவர்.

ஜெயித்துவிட்ட குஷியில் வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை காலை. லேப்டாப்பைத் திறந்து வைத்துவிட்டுக் காபி போடப் போனவள் திரும்பி வந்தால், அதன் முன்னால் அப்பா. டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடமாகக் கை நடுக்கம். மவுஸைப் பிடித்தால் அம்புக்குறி திரை முழுக்க ஆடும். எந்தப் படிவமானாலும் “நீயே போட்டுக் குடும்மா” என்று அவளிடம்தான் வருவார். அவளும் “வேலையா இருக்கேன்ப்பா, அப்புறம்” என்பாள்.

“அப்பா, அது சும்மா டெஸ்ட் பண்ற பக்கம்ப்பா.”

“அதான் மேலேயே போட்டிருக்கே. ஆனா பாரு, முழுசையும் நானே முடிச்சுட்டேன்! டேப் தட்டத் தட்ட, மஞ்சளா ஒண்ணு ஒவ்வொரு பட்டனா போய் நிக்குது. எங்கே இருக்கோம்னு பளிச்சுன்னு தெரியுது. என்டர் தட்டினா ஆச்சு!”

கையிலிருந்த காபியை அவர் பக்கத்தில் வைத்தாள்.

“அப்பாவை நினைச்சுதானே இதை வச்சே? மாடி வீட்டுக்காரர்கிட்டகூட போன் போட்டுச் சொல்லிட்டேன், எல்லாம் என் பொண்ணு வேலைன்னு.”

வெட்கம் பிடுங்கித் தின்றது.

திங்கட்கிழமை மேனேஜர் வருவதற்கு முன்பே பூட்டின் மேசை முன்னால் போய் நின்றாள்.

“சார், அந்த வளையத்துக்கு இன்னொரு பூட்டு போட முடியுமா? யார் கேட்டாலும் திறக்கவே கூடாது... நானே வந்து கேட்டாலும்!”